ஜீப்பைத் தள்ளியவனின் அக்கா கொடுத்த வாக்குமூலம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் தனியாக எழுதி வாங்கப்பட்டுவிட்டன. வயது நாற்பத்து மூன்று. தொழில், நான்கு சக்கர வண்டிகளின் என்ஜின் ரிப்பேர். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் என்னுடையது. பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ஸ்பேனர் அக்கா என்று கேட்டால் கைகாட்டுவார்கள். யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானாகவே கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, வெளியே ஏதோ வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்லி கோர்ட் எழுத்தர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எதற்கு என்றார். பிறகு சொல்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

இந்த வழக்கில் போலீஸ் காவலில் இருந்து தப்பி ஓடியதாகச் சொல்லப்படுபவன் என் உடன்பிறந்த தம்பி. வயது முப்பத்தொன்று. பார்சல் கம்பெனியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அம்மாவும் அப்பாவும் இல்லை, என்னோடுதான் இருக்கிறான். அவனை எல்லோரும் ‘சரிங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாடி தூக்கிக்கொண்டு வா என்றாலும் சரிங்க என்பான், இது என் பார்சல் இல்லை, திரும்ப எடுத்துக்கொண்டு போ என்றாலும் சரிங்க என்பான். ரோட்டில் யாராவது நின்றுபோன வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் இவன் கை சும்மா இருக்காது. தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய்த் தள்ளுவான். ஊரில் உள்ள வண்டியெல்லாம் உன் தலையில்தான் எழுதியிருக்கிறதா என்று நான் அவனைத் திட்டாத நாள் கிடையாது.

அவன் மேல் முதலில் இருந்த கேஸ் ஒரு கண்ணாடிக் கதவு சம்பந்தப்பட்டது. ஆள் உயரப் பார்சல் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தபோது முன்னால் கதவு இருப்பது தெரியாமல் இடித்து உடைத்துவிட்டான். ஆத்திரத்தில் வேண்டுமென்றே உடைத்தான் என்று கடைக்காரர் புகார் கொடுத்தார். அதன் பிறகு சமாதானமாகி, அடுத்த வாய்தாவில் வாபஸ் வாங்கிக்கொள்வதாக என்னிடமே சொன்னார். அந்த வாய்தாவன்று கம்பெனி லீவு தராததால் தம்பி போகவில்லை. வாரண்ட் வந்துவிட்டது. சம்பவ நாளன்று காலையில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், சரிங்க என்று சொல்லி அவனாகவே நடந்து போனான். அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் கடைக்காரரும் அங்கே இருந்தார், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தர் வண்டிக் கதை எதற்கு என்றார். வண்டிக் கதைதான் ஐயா கதையே என்றேன்.

மேற்படி ஸ்டேஷன் ஜீப் பெட்ரோலில் ஓடுவது. அதை ஓட்டுபவர் டிரைவர் கான்ஸ்டபிள், நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். பெற்ற பிள்ளையைக் கூட அந்த ஜீப்பைப் போலப் பார்த்துக்கொள்ள மாட்டார். சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பு அவர் ஜீப்பை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து, ஓடும்போது நன்றாக ஓடுகிறது, சிக்னலில் காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நின்று நின்று மானம் போகிறது என்றும் சொன்னார். நான் ஸ்டார்ட் செய்து விட்டேன். என்ஜின் கொஞ்ச நேரம் திணறிவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது.

என்ஜினுக்குள் போகிற காற்றை அளப்பதற்குக் காற்றுக் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. காற்று எவ்வளவு போகிறது என்று அது சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டு வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும். அந்தக் கம்பியில் அழுக்கோ எண்ணெயோ படிந்தால் அது காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் குறைவாக வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும் வரை எப்படியோ சமாளித்து ஓடும், காலை எடுத்ததும் படுத்துவிடும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். சொல்வதற்கு ஆளில்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பெட்ரோல் விடும். அப்படிக் கழற்றியதும் ஜீப் நிற்காமல் ஓடியது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சென்சார் பொய் சொல்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு சென்சாரைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் ஸ்ப்ரேயை அடித்து, துணியோ விரலோ படாமல் காயவைத்து மாட்டினேன். அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஏர் ஃபில்டரைத் திறந்தேன். கழுவிக் கழுவித் திரும்பப் போடுகிற ரகம். ஆயுசுக்கும் ஒன்று போதும் என்று யாரோ சொல்லி அண்ணன் வாங்கிப் போட்டிருந்தார். தூசியைப் பிடிப்பதற்கு அந்த ஃபில்டரில் ஒரு எண்ணெய் பூச வேண்டும், ஆனால் பூசினது தெரியாத மாதிரி பூச வேண்டும். அண்ணன் வாரா வாரம் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி எண்ணெய் வைப்பது போல வைத்திருந்தார். அந்த எண்ணெய்தான் காற்றோடு போய்க் கம்பியில் படிந்திருந்தது. இனிமேல் எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள், காகித ஃபில்டர் ஒன்று வரவழைத்து வைக்கிறேன், வந்து மாட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பேட்டரியும் வலுவிழந்து கிடக்கிறது, மாற்றுங்கள் என்றும் சொன்னேன். ஆகட்டும்மா என்றார். ஃபில்டர் வந்து என் அலமாரியில் கிடந்தது, அண்ணன் வரவில்லை.

சம்பவ நாளன்று மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது, வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பைப் பார்த்ததும் தம்பி என்று தெரிந்தது. கேஸ் முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வெளியே வந்தேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் வியர்வை.

"அக்கா, போலீஸ் ஜீப்பு நின்னு போச்சு. பாவம், ரொம்பக் கஷ்டப்படறாங்க. அந்த ஸ்ப்ரேயை எடுத்துக்கிட்டு வா" என்றான்.

"நீ கோர்ட்டுக்குப் போகலையா?"

"எங்க போறது. ஜீப்பு போயிடுச்சே."

"நின்னு போச்சுங்கற, போயிடுச்சுங்கற. எதுடா?"

"ரெண்டும்தான்" என்றான்.

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல் என்றேன். அவன் சொன்னதை நான் நேரில் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதை எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னார். என் தம்பி என்னிடம் சொன்னது இது என்று எழுதுங்கள், அவன் சொன்னதை நான் காதால் கேட்டது உண்மைதானே என்றேன். நடுவர் அவர்கள் எழுதிக்கொள்ளலாம் என்றதால் சொல்கிறேன்.

ஜீப்பில் மூன்று போலீஸார் இருந்திருக்கிறார்கள். ஓட்டினது டிரைவர் அண்ணன். பக்கத்தில் எஸ்.ஐ. பின்னால் என் தம்பியும் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளும். தம்பியின் கையில் விலங்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தள்ளுவண்டிக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அண்ணன் காலை எடுத்திருக்கிறார், ஜீப் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தார், நின்றது. மறுபடியும் மறுபடியும் சாவியைத் திருப்பியதில் பேட்டரியும் கையை விரித்துவிட்டது. கோர்ட்டில் கூப்பிடும் நேரம் நெருங்கிவிட்டது என்று எஸ்.ஐ. குதித்திருக்கிறார். இறங்கித் தள்ளுங்கள் என்றார். கான்ஸ்டபிள் தனக்கு முதுகுப் பிடிப்பு, தனியாகத் தள்ள முடியாது என்றார். எஸ்.ஐ. திரும்பி என் தம்பியைப் பார்த்து, "டேய், நீயும் எறங்கு" என்றார். சரிங்க என்று இறங்கினான். விலங்கோடு ஜீப்பைத் தள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கழற்றிவிட்டார்கள்.

இரண்டு பேரும் தள்ளினார்கள். சந்தின் முனைக்குப் போகும்போது என்ஜின் பிடித்துக்கொண்டது. ஸ்டார்ட் ஆன வண்டியை நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே போனார். எஸ்.ஐ. தலையை வெளியே நீட்டி, ஏறு ஏறு என்று கத்தினார். கான்ஸ்டபிள் முதுகுப் பிடிப்பையெல்லாம் மறந்து ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். என் தம்பி கடைசியாகத் தள்ளிய வேகத்தில் முழங்காலில் விழுந்து எழுந்து பார்த்தபோது ஜீப் பெரிய ரோட்டில் திரும்பிவிட்டது. அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறான். ஓடினான் என்று போலீஸ் எழுதியிருப்பது அதுவரைக்கும் சரி. ஜீப்புக்குப் பின்னால் ஓடினான் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவனைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வருவார்கள் என்று அங்கேயே கொஞ்சம் நின்றிருக்கிறான். வரவில்லை. எப்படியும் கோர்ட்டு வாசலில் மறுபடி நின்றுவிடும், அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் உதவியாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போலீஸிடமிருந்து தப்பித்தவன் ஒளிந்துகொள்ளத்தான் ஓடுவான். இவன் போலீஸ் வண்டிக்கு மெக்கானிக் தேடி ஓடி வந்திருக்கிறான். இப்படி ஒரு ஆளை யார் நம்புவார்கள் என்ற பயம் எனக்கு அந்த நிமிடமே வந்துவிட்டது.

அதன் பிறகு ஸ்ப்ரே, ஸ்க்ரூ டிரைவர், அலமாரியில் கிடந்த காகித ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, தம்பியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தில் ஜீப் இல்லை. பழ வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்ததும், "இந்தத் தம்பிதானே தள்ளிச்சு. விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு ஒருநாள் அவரைப் போய், சாட்சி சொல்ல வருகிறீர்களா என்று கேட்டபோது, "என்னை விட்டுடும்மா, நான் அந்தச் சந்துல பொழைக்கணும்" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாங்கள் கோர்ட்டு வாசலுக்குப் போனபோது ஜீப் அங்கேயும் இல்லை. எதிரி, அதாவது என் தம்பி, தப்பி ஓடிவிட்டதாக எஸ்.ஐ. சொல்லிவிட்டுப் போனார் என்று வாசலில் நின்ற துணிக்கடைக்காரரே சொன்னார். தம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாபஸ் வாங்க வந்தவர், எதற்கு வம்பு என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் ஸ்கூட்டரை நேராக ஸ்டேஷனுக்கு விட்டேன். நானே என் கையால் அவனைக் கொண்டுபோய் விட்டேன். இது வழக்குக்கு முக்கியம் என்பதால் அடிக்கோடு போடும்படி கேட்டேன், வாக்குமூலத்தில் அடிக்கோடு போடும் வழக்கம் இல்லை என்று எழுத்தர் சொன்னார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா. எல்லா எடத்துக்கும் சொல்லிட்டேன். தப்பிச்சுட்டான்னு மேலேயும் போயிடுச்சு" என்றார்.

"இப்ப வந்துட்டான்னு சொல்லுங்க சார்" என்றேன்.

"எப்படிப் போனான்னு கேப்பாங்கல்ல? வெலங்கைக் கழட்டி ஜீப்பைத் தள்ளச் சொன்னோம்னு எழுதவா? எஸ்.ஐ. வேலை போகும், எனக்கும் போகும். எஸ்.ஐ.க்குப் போன மாசம்தான் கொழந்தை பொறந்திருக்கு."

அதன் பிறகு தம்பியைக் கம்பிக்கு உள்ளே விட்டார்கள். என்னைச் சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எழுந்தால் எல்லோரும் பார்த்தார்கள், அதனால் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் சாவியை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் தம்பியின் முழங்கால் தெரியும், முகம் தெரியாது. முழங்காலில் பேன்ட் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. தள்ளும்போது விழுந்த காயம். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். ஓடும்போது விழுந்த காயம் என்று எழுதிக்கொண்டார்கள். நான் எதைச் சொன்னாலும் அது அவனுக்கு எதிராகவே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

சற்று நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து மெதுவாகப் பேசினார். மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன், தணிவாகத்தான் பேசினார். சிக்னலில் வண்டி மெதுவாகப் போனபோது குதித்து ஓடியதாகத் தம்பி ஒத்துக்கொண்டால் அவனோடு போய்விடும், தேடிப் பிடித்ததாக எழுதிக்கொள்வோம், உன் பெயர் எங்கேயும் வராது என்றார். இல்லை என்றால் தப்பியவனுக்கு அடைக்கலம் கொடுத்ததாக உன்னையும் சேர்க்க வேண்டி வரும், ஸ்கூட்டரில் அவனை வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். நான் தம்பியிடம் பேச வேண்டும் என்றேன். அதற்குள் எஸ்.ஐ. கம்பிக்குப் பக்கத்தில் போய், குதித்து ஓடினதாக ஒத்துக்கொள்கிறாயா, உன் அக்காவை விட்டுவிடுகிறோம் என்று கேட்டுவிட்டார்.

"சரிங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஒப்புதல் வாக்குமூலம் என்று இந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்திருக்கிறார்கள். அவன் வாழ்நாளில் யாருக்கும் வேறு பதில் சொன்னது கிடையாது.

அதன் பிறகு அவனை ரிமாண்டுக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டும் முன்பே நின்றுவிட்டது. மறுபடி ஒயர், மறுபடி ஸ்டார்ட், மறுபடி வாசலில் நின்றது. எஸ்.ஐ. டிரைவர் அண்ணனைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து, பையில் சாமான் வைத்திருக்கிறாய் அல்லவா, கொஞ்சம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

மாட்டேன் என்றேன். ஜீப் நின்றது என்பதற்கு ஜீப்பைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை. அந்தச் சென்சாரில் எண்ணெய் இருக்கும் வரைக்கும்தான் என் தம்பி சொல்வது உண்மை. அதை என் கையாலேயே துடைத்துவிட்டால், கோளாறே இல்லாத வண்டி எப்படி நின்றது என்று நாளைக்கு இவர்களே கேட்பார்கள். இதை இன்ஸ்பெக்டரிடம் நேருக்கு நேராகவே சொன்னேன். நான் பார்க்கவில்லை என்றால் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஜீப்பின் பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டான். கையில் மறுபடி விலங்கு.

"அக்கா, பண்ணிடேன்" என்றான்.

"நீ சும்மா இருடா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"நடுவழியில நின்னா என்னைத்தான் தள்ளச் சொல்லுவாங்க. தள்ளினா மறுபடியும் ஓடிட்டேன்னு எழுதுவாங்க. நல்லாப் பண்ணிடுக்கா."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அங்கே நின்ற எல்லோர் மேலும் ஆத்திரம், அவன் மேல்தான் அதிகம்.

அதன் பிறகு நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். டிரைவர் அண்ணன்தான் திறந்தார். ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது ஃபில்டர் எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது, பெட்டியின் அடியிலும் தேங்கியிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பெரிய அதிகாரி வண்டியைப் பாக்க வர்றார்னு எல்லாத்தையும் கழுவினேன்மா. கழுவினதும் இது காஞ்சு போய்ப் பரிதாபமா இருந்துச்சு. ஒரு கை தாராளமா விட்டுட்டேன். நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு, ஆனா மனசு கேக்கல."

"சந்துல என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லலாமே அண்ணே" என்றேன்.

"என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றார். கேட்டால் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் சென்சாரின் திருகைக் கழற்றிக் கொடுத்தார்.

சென்சாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மை அப்பினது போல இருந்தது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, பாருங்கள் சார், என் தம்பி பொய் சொல்லவில்லை என்று காட்டினேன். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லி அவர் பார்க்கவில்லை. எஸ்.ஐ. பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு ஸ்ப்ரே அடித்தேன். கறுப்பாக வழிந்தது, பிறகு பழுப்பாக வழிந்தது, பிறகு தண்ணீர் மாதிரி வழிந்தது. காயவைக்க வேண்டும் என்று பானெட் விளிம்பில் வைத்தேன். ஊதிக் காயவைக்கக் கூடாதா, நேரமாகிறது என்று எஸ்.ஐ. கேட்டார். வாயால் ஊதினால் எச்சில் படும், மறுபடி பொய் சொல்லும் என்றேன். அது காயும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் தம்பியின் பக்கம் இருந்த ஒரே அத்தாட்சி என் கண் முன்னால் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது.

பழைய ஃபில்டரையே திரும்பப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சில வாரங்களில் மறுபடி எண்ணெய் படிந்து எங்காவது நின்றிருக்கும், நானும் அப்போது பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது யாரோ, எந்த ரோட்டில் நிற்குமோ, பின்னால் லாரி வருமோ. காகித ஃபில்டரை மாட்டினேன். சென்சாரை மாட்டினேன். ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்ததும் பிடித்துக்கொண்டது. அண்ணன் காலை எடுத்தார். நிற்கவில்லை. பழைய ஃபில்டரைக் குப்பையில் போடும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார், யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். பேட்டரி செத்த பேட்டரி, அணைத்தால் தானாக ஸ்டார்ட் ஆகாது, மாற்றிவிடுங்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதற்கு மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். தம்பி பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஜீப் வாசலைத் தாண்டி, ரோட்டில் திரும்பி, ஒரு விக்கல் கூட இல்லாமல் போனது. நான் செய்த வேலையிலேயே அவ்வளவு சுத்தமாக அமைந்தது வேறு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

போலீஸ் தாக்கல் செய்த அறிக்கையில், வாகனம் நல்ல நிலையில் இருந்தது, எந்த இடத்திலும் நிற்கவில்லை, எதிரி குதித்து ஓடினார் என்று இருக்கிறது. ஜீப்பில் போன போலீஸார் மூன்று பேர். சாட்சிப் பட்டியலில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும். டிரைவர் அண்ணன் இல்லை. இதையெல்லாம் சொன்னால் அடைக்கலம் கொடுத்த குற்றத்தில் என்னையும் சேர்ப்பார்கள் என்று தம்பிக்காக ஆஜராகும் வக்கீலம்மா எச்சரித்தார். தம்பியும் ஜெயிலில் பார்த்தபோது, நீ பேசாமல் இரு அக்கா, எனக்கு இங்கே ஒன்றும் கஷ்டமில்லை என்றான். நான் அவன் இல்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல எனக்கு வராது.

கனம் கோர்ட்டாரை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று காலை என் தம்பியை அதே ஜீப்பில்தான் இங்கே கொண்டுவந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார்கள், எல்லோரும் இறங்கினார்கள், டிரைவர் அண்ணன் மட்டும் இறங்கவில்லை. நான் வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தபோது எழுத்தருக்குத் தொந்தரவாக இருந்தது அந்த ஜீப்பின் சத்தம்தான். ஜன்னலைச் சாத்தியும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, இவ்வளவு நேரமும் கேட்டது, இப்போதும் கேட்கிறது. அண்ணன் அதை அணைக்கவில்லை. ஒரு கோளாறும் இல்லாத, எந்த இடத்திலும் நிற்காத ஜீப்பை, நிழலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பெட்ரோல் எரிய எரிய, இத்தனை நேரமாக எதற்கு அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவரை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மேலே உள்ளது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ‘தப்பிய சமயத்தில்’ என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்ததை ‘தள்ளிய சமயத்தில்’ என்று திருத்தும்படி கேட்டேன், திருத்தப்பட்டது. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, என் அறிவுக்கு எட்டிய வரை அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஸ்பேனர் அக்கா என்று அழைக்கப்படும் மேற்படி சாட்சி

எழுத்தர் குறிப்பு: வாக்குமூலம் முடிந்த பிறகு, நடுவர் அவர்களின் உத்தரவுப்படி ஜன்னல் திறக்கப்பட்டது. வேப்பமரத்தின் கீழ் காவல் துறை ஜீப் ஒன்று என்ஜின் ஓடிய நிலையில் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தார். அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பப்பட்டது. வண்டியை அணைத்துவிட்டு வரட்டுமா, அப்படியே விட்டுவிட்டு வரட்டுமா என்று அவர் கேட்டு அனுப்பினார்.